முள் ஐம்பத்தைந்தைத் தொடும்போது

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டுத் திரும்பிய அப்துல் கஃபார், ஜீப்பின் முன் சக்கரங்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

பெரிய ஆட்டமில்லை. ஒரு நெல் அகலம் இடப்பக்கம், ஒரு நெல் அகலம் வலப்பக்கம். வண்டியை ஸ்டாண்டின் மேல் தூக்கி நிறுத்தியிருந்தார், சக்கரங்கள் தரையைத் தொடவே இல்லை. என்ஜின் காலையிலிருந்து ஓடவில்லை, பேட்டரி ஒயரையும் அவரே கழற்றி வைத்திருந்தார். முத்தியால்பேட்டையின் அந்தச் சந்தில் பக்கத்து லேத்துப் பட்டறை சாப்பாட்டுக்காக ஓய்ந்திருந்தது. எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் துலக்கும் சத்தமும் குருசுக்குப்பத்துப் பக்கமிருந்து வரும் கருவாட்டு வாடையும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே கட்டியிருந்த தார்ப்பாய் அசையாமல் தொங்கியது. காற்று இல்லை. ஆனாலும் சக்கரங்கள் ஆடின. மாட்டின் முதுகில் ஈ உட்கார்ந்தால் தோல் மட்டும் தனியாகச் சிலிர்க்குமே, அப்படி.

அருகில் போய் டயரின் மேல் உள்ளங்கையை வைத்தார். உடனே நின்றது.

ஐம்பத்தொன்பது வயதில், நாற்பது வருஷம் ஜீப்புகளுக்கு அடியில் படுத்துக் கிடந்த அந்த மனிதருக்கு முதலில் வந்தது பயமில்லை. யாரோ தன்னைப் பார்த்துவிட்டது போன்ற ஒரு கூச்சம். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வேட்டியில் துடைத்தார்.

அது இராமதாஸின் ஜீப்.

இராமதாஸ் படகு என்ஜின் மெக்கானிக். மில் மூடியபோது வேலை போன ஒரு தறிக்காரரின் மகன். குருசுக்குப்பம் தொடங்கி கனகசெட்டிக்குளம் வரைக்கும் எந்தக் குப்பத்தில் எந்த என்ஜின் மக்கர் செய்தாலும் அவனுக்குத்தான் போன் வரும். மணலில் இறங்கி என்ஜினைத் தூக்கி வர அவனுக்கு ஒரு ஜீப் தேவைப்பட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டில் பத்து வருஷம் சும்மா நின்ற பழைய வண்டியைப் பிடித்து, நேராக கஃபாரிடம் ஓட்டி வந்தான். முன் சக்கரம் இரண்டும் ஒரே இரும்பு ஹவுசிங்கில் கோத்திருக்கும் அந்தக் காலத்து வண்டி. மணலுக்கும் பள்ளத்துக்கும் அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் அந்த மாதிரி வண்டியில் ஒரு சக்கரம் சிலுப்பினால் மற்றதும் சேர்ந்து சிலுப்பும். ஏதோ ஒரு வேகத்தில், ஏதோ ஒரு சின்னக் குலுக்கலில், இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கிவிடும். மெக்கானிக்குகள் அதை வாப்ளிங் என்பார்கள். ஓட்டுகிறவனுக்கு அந்த நேரத்தில் அதற்குப் பெயர் எதுவும் தோன்றாது.

அது வராமலிருக்க, சக்கரம் திரும்பும் முட்டியில் இருக்கும் பேரிங்குகளைச் சரியான இறுக்கத்தில் கட்ட வேண்டும். காகிதம் போன்ற இரும்புத் தகடுகளை அளந்து அளந்து நடுவில் வைக்க வேண்டும். சித்திரையில் இராமதாஸுக்காக அந்த வேலையைச் செய்தபோது கஃபாருக்கு மைக்ரோமீட்டரின் கோடுகள் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. பக்கத்து லேத்து வடிவேலைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் படித்துச் சொல்லியிருப்பான். ஆனால் அவனிடம் போய், எனக்குக் கண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? விரலால் தடவிப் பார்த்து, இது போதும் என்று கட்டிவிட்டார்.

இரண்டு மாதத்தில் இராமதாஸ் திரும்பி வந்தான்.

"பாய், அம்பத்தஞ்சு தொட்டா ஸ்டியரிங் கையில நிக்கல."

கஃபார் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஒரு தரம் ஆட்டினார். முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. தன் வேலைதான். முட்டியைத் திறந்தால் அது அவனுக்கும் தெரியும். படகு என்ஜின்கள் வரிசையாகக் காத்திருந்த வாரம் அது, வண்டி உடனே வேண்டும் என்று அவன் அவசரப்பட்டான். கஃபாருக்கு அந்த அவசரம் வசதியாகப் போயிற்று. ஸ்டியரிங்கில் ஒரு டேம்பரை மாட்டிவிட்டார். அது ஆட்டத்தை அமுக்கி வைக்கும், குணப்படுத்தாது. குளிர்காய்ச்சல்காரனைப் போர்வைக்குள் சுருட்டி வைப்பது போல. இனிமேல் ஆடாது, தைரியமாகப் போ என்று அவன் முதுகில் தட்டினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு பத்துக்கு அவருடைய போன் அடித்தது. பேரன் பெரிய எழுத்தாக மாற்றி வைத்திருந்ததால் பெயர் தெளிவாகத் தெரிந்தது: தாஸ். எதற்கென்று அவருக்குத் தெரியும். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். மறுபடி அடித்தது. மறுபடியும். மூன்று தரம்.

காலாப்பட்டைத் தாண்டி, கனகசெட்டிக்குளத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பாலத்தின் கட்டையில் ஜீப் மோதியிருந்தது. இராமதாஸின் கைகள் ஸ்டியரிங்கை விடவே இல்லையாம். எடுத்தவர்கள் விரல் விரலாகப் பிரித்தார்களாம்.

போலீஸில் அதிவேகம் என்று எழுதி முடித்தார்கள். சாவு வீட்டில் ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் கஃபார் உட்கார்ந்திருந்தபோது ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். பாய் வண்டியை ஒழுங்காகத்தான் செய்து கொடுத்தார், இவன்தான் எப்பவும் பறப்பான் என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார். துக்கத்தில் குனிந்ததாக எல்லாரும் நினைத்தார்கள். இராமதாஸின் மனைவி ஜெயம், வீங்கிய கண்ணோடு, தன் கையாலேயே அவருக்கு ஒரு டம்ளர் டீ கொண்டு வந்து கொடுத்தாள். அதை அவர் குடித்தார். சொட்டு மீதம் வைக்காமல் குடித்தார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஜெயம் புருஷனோடு கூடவே போய் வேலை கற்றவள். அவன் கை நுழையாத இடத்தில் அவள் கை நுழையும். இரண்டு மாதம் கழித்து ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். தொழிலைத் தானே பார்க்கப் போவதாகச் சொன்னாள். ரெட்டியார்பாளையத்தில் பாடி வேலை முடிந்துவிட்டது, முன்பக்கத்தை மட்டும் அங்கே தொடவிடவில்லை என்றாள்.

"அவரு உங்களத் தவிர வேற யாரையும் நம்ப மாட்டாரு பாய்."

கஃபார் இந்த முறை எல்லாவற்றையும் திறந்தார். வடிவேலைக் கூப்பிட்டு அளவு படிக்கச் சொன்னார். பழைய தகடுகளையும் அவனே அளந்தான். அளந்துவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அவன் ஏதாவது கேட்டிருக்கலாம் என்று இருந்தது. அன்றே அந்தத் தகடுகளையும் குழி விழுந்த பேரிங்குகளையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போய் குருசுக்குப்பத்துக் கடலில் போட்டார். அலை அதைத் திரும்ப ஒரு தரம் கரைக்குத் தள்ளியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேட்டி நனைய இறங்கி, இன்னும் தூரமாக எறிந்தார்.

பேரிங், புஷ், டை ராடு, போல்ட் எல்லாம் புதிது. சக்கரம் கல்லில் அடித்தது போல அசையாமல் நின்றது. தனியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். முள் ஐம்பத்தைந்தைத் தொட்டது. எண்ணெய் தடவினது போன்ற வழவழப்பான ரோடு, ஒரு கல் இல்லை, ஒரு பள்ளம் இல்லை. முதலில் காலடியில் ஒரு முணுமுணுப்பு. பிறகு ஸ்டியரிங் வழியாக முழங்கைக்கு ஏறி, தோளுக்கு ஏறி, பல்லுக்கு வந்தது. பானட் இரண்டாகத் தெரிந்தது. ஏதோ ஒரு பெரிய மிருகம் முன் சக்கரங்களை வாயில் கவ்வி உதறுவது போல வண்டி உதறியது. பிரேக்கை மிதித்தால் இன்னும் உதறியது. காலை எடுத்து, வேகம் முப்பதுக்குக் கீழே இறங்கி, ஓரத்தில் நின்றபிறகும் அவருடைய கைகள் தொடர்ந்து ஆடின.

எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. டயரை மாற்றினார். மறுநாள் ஐம்பதில் வந்தது. அதற்கு அடுத்த நாள் நாற்பத்தைந்தில்.

ஒவ்வொரு நாளும் ஐந்து குறைந்தது. இருபதில் வந்த அன்று காலையில் இடியாப்பத் தட்டு அவர் கையில் கிடுகிடுவென்று ஆடியது. மனைவி கனீஸ் பாத்திமா எதிரில் உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வளையல்கள் கலகலத்தன.

"என்னங்க மறைக்கறீங்க?" என்றாள்.

சர்க்கரை ஏறியிருக்கும் என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் அவர் அதிகம் பொய் சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ, அது பொய் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கையை விட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதினைந்து. பத்து. நேற்று ஐந்து. பட்டறை வாசலிலிருந்து சந்து முனைக்குள் ஐந்து.

இன்று நின்ற இடத்திலேயே.

அவர் டயரிலிருந்து கையை எடுத்த அதே சமயம் ஜெயம் சந்துக்குள் வந்தாள். நீலச் சேலை, தோளில் இராமதாஸின் டூல் பை. கனகசெட்டிக்குளத்தில் இரண்டு என்ஜின் கிடக்கிறது, நாளைக்குக் கடலுக்குப் போகிறவர்கள் அவளை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள், இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்றாள். வண்டி இன்னும் ஆகவில்லை என்று கஃபார் சொன்னார். என்ன குறை என்று கேட்டாள். அவர் குனிந்து ஸ்டாண்டைச் சரிபார்த்தார்.

"நீங்களே ஓட்டிக் காட்டுங்க பாய். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. உண்மையைச் சொல்வது. அவர் பேட்டரி ஒயரை மாட்டி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்.

சந்தில் வண்டி ஆடவில்லை. கோட்டக்குப்பத்து நெரிசலில் ஆடவில்லை. இருபதில் ஆடவில்லை, முப்பதில் ஆடவில்லை. நாற்பது வருஷத்தில் இவ்வளவு அமைதியாக ஓடிய ஜீப்பை அவர் ஓட்டியதில்லை. ஸ்டியரிங் வெண்ணெய் போலத் திரும்பியது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் அவரை மட்டும் உதறிக்கொண்டிருந்த ஒன்று, இன்று அவள் ஏறியதும் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. மண்ணெண்ணெயும் உப்பும் கலந்த ஒரு வாடை வண்டிக்குள் வந்தது. கழுவித் துடைத்து, சீட்டு மாற்றி, புதுப் பெயின்ட் அடித்த வண்டி. டூல் பையிலிருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டார். பை அவள் மடியில் இடப்பக்கம் இருந்தது. வாடை வலப்பக்கத்திலிருந்து வந்தது.

காலாப்பட்டு தாண்டியதும் ரோடு காலியானது. மணி மூன்று. தார் வெயிலில் தண்ணீர் போல மினுங்கியது. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது, சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஒரு பஸ் கூட எதிரில் வரவில்லை. முள் நாற்பத்தைந்தில் நின்றது.

ஜெயம் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னைக்கு அவரு உங்களுக்கு மூணு தடவ போன் பண்ணிருக்காரு பாய்."

அவளுக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? டீ கொடுத்தபோதா, வண்டியைக் கட்டி இழுத்து வந்தபோதா? இதைக் கேட்பதற்காகவேதான் கூட வந்திருக்கிறாளா? மசூதியில் முன்வரிசையில் நிற்கக் கூசிப் பின்னால் போய் நின்றது, வடிவேலின் முகத்தைப் பார்க்காமல் நடந்தது, எல்லாம் ஒன்றாக நெஞ்சில் ஏறியது. சொன்னார். நிறுத்தாமல், அவளைப் பார்க்காமல் சொன்னார். கண் தெரியாததை, தகடுகளை, டேம்பரை, கவிழ்த்து வைத்த போனை, கடலில் எறிந்ததை. சொல்லச் சொல்லச் சுமை குறையும் என்று நினைத்திருந்தார். குறையவில்லை. ஒவ்வொன்றும் சத்தமாகக் கேட்டபோது இன்னும் அசிங்கமாக இருந்தது.

ஜெயம் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போன எடுத்திருந்தா என்ன சொல்லிருப்பீங்க?"

"நிறுத்துன்னு சொல்லிருப்பேம்மா."

"ஒரு வார்த்த," என்றாள். அவ்வளவுதான்.

தூரத்தில் அந்தப் பாலத்துக் கட்டை தெரிந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

கஃபார் வேகத்தைக் குறைக்கக் காலை எடுத்தார். முள் இறங்கவில்லை. நாற்பத்தெட்டு. கீழே பார்த்தார். அவர் கால் பெடலில் இல்லை. பெடல் அமுங்கியிருந்தது. ஐம்பது. பிரேக்கை மிதித்தார். பிரேக் கல்லாக நின்றது. ஐம்பத்திரண்டு. காலடியில் அந்த முணுமுணுப்பு தொடங்கியது.

ஐம்பத்தைந்து.

சக்கரங்கள் உதறின. இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. கண்ணாடி அதிர்ந்தது. பல் நாக்கைக் கடித்தது. ரத்தம். ஸ்டியரிங் இடம் வலம் இடம் வலம் என்று அடித்தது. பிடித்தார். அவன் விடவில்லை, நானும் விடக்கூடாது. பிடித்தார். ஸ்டியரிங்கின் உள்கம்பி சுழன்று வந்து வலது கட்டைவிரலில் அறைந்தது. எலும்பு ஒடியும் சத்தம் அவருக்கே கேட்டது.

கையை எடுத்துவிட்டார்.

இரண்டு கையையும்.

நின்றுவிட்டது. உதறல், அதிர்வு, சத்தம், எல்லாம் ஒரே நொடியில். ஜீப் நேராக ஓடியது. ஸ்டியரிங் நடுவில் அசையாமல் நின்றது. பிறகு ரோடு லேசாக வளைந்த இடத்தில் அதுவும் லேசாக வளைந்தது. தினமும் அந்த வழியாகப் போய்வருகிறவன் திருப்புவது போல, அவசரமில்லாமல். வெள்ளைக் கட்டை பக்கத்தில் வந்தது. கடந்தது.

கஃபார் கையை மறுபடி கொண்டுபோனார். வைக்க முடியவில்லை. அவர் கைக்கு அங்கே இடம் இல்லை. விரல் நுனியில் ஏதோ பட்டது. ஈரமாக. குளிர்ச்சியாக. நரம்பு புடைத்த ஒரு புறங்கை போல.

கையை மார்போடு ஒடுக்கிக்கொண்டு ஜெயத்தைப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. ரோட்டையும் பார்க்கவில்லை. டூல் பையை மெதுவாகக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, உடம்பைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்து, வலது கையை நீட்டினாள். அந்தக் கை ஸ்டியரிங்கை நோக்கிப் போய், அதைத் தொடுவதற்கு முன்னாலேயே நின்றது. நின்ற இடத்தில் விரல்கள் மடங்கி, இறுக்கமாக எதையோ பற்றிக்கொண்டன. அவளுடைய உள்ளங்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு கை கனத்துக்கு இடைவெளி இருந்தது.

முள் அறுபதைத் தாண்டியது.